தொழிற்புரட்சிப் பாடத்தை வயலிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடங்களை எழுதும் ஆசிரியர்களுக்கும், அவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

தொழிற்புரட்சிப் பாடத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்தப் பதிப்பை எடுத்தாலும் பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறது. ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் என்று நூற்பு இயந்திரங்கள், அப்புறம் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம், அப்புறம் ரயில். பிள்ளைகள் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். விவசாயத்துக்குக் கிடைக்கும் இடம், ‘வேளாண்மையிலும் மாற்றங்கள் ஏற்பட்டன’ என்பதுபோல ஓரிரு வரிதான்.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “எல்லாரும் ஊரை விட்டு மில்லுக்குப் போயிட்டா, அவங்களுக்குச் சோறு யாரு விளைவிச்சாங்க?” பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் வந்தது, ஏன் அந்தக் காலத்தில் வந்தது என்பதற்கான விளக்கத்தில் பெரும்பகுதி அவளுடைய கேள்விக்குள் இருக்கிறது. அந்தப் பகுதியைப் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் கணக்கு. மக்கள்தொகை வரலாற்றை ஆராய்ந்தவர்களின் மதிப்பீட்டின்படி, 1600-இல் இங்கிலாந்தில் 100-க்கு 70 பேர் விவசாயத்தை நம்பி இருந்தார்கள். 1700-இல் அது 55. 1801-இல் 36. இதற்கிடையே, 1700-க்குப் பிந்தைய நூறாண்டில் மக்கள்தொகை சுமார் 50 லட்சத்திலிருந்து 86 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அதாவது 1600-இல் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 100 பேர், தங்களையும் சேர்த்து, 143 பேருக்குச் சோறு போட்டார்கள். 1801-இல் அதே 100 பேர் 276 பேருக்குப் போட்டார்கள். பிரான்சில் அப்போதும் மக்களில் பாதிக்கு மேல் விவசாயத்தில்தான் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து கொஞ்சம் தானியம் இறக்குமதி செய்யத் தொடங்கியது உண்மைதான். ஆனால் 1760கள் வரை அது தானியத்தை வெளியே விற்ற நாடு. வாட்டின் இயந்திரம் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலைக்கு வரத் தொடங்கியது 1776-இல். நான் சொன்ன மாற்றத்தில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

இது எப்படி நடந்தது என்பதுதான் பாடத்தின் மிகச் சுவையான பகுதி. நம் பிள்ளைகளுக்கு எளிதில் புரியக்கூடிய பகுதியும் இதுதான்.

பழைய முறையில் ஊர் நிலம் இரண்டு மூன்று பெரிய வயல்வெளிகளாக இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவற்றில் அங்கங்கே சிதறிய நீளநீளமான துண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயல் தரிசாகக் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் வலு இழந்துவிடும். மூன்று வயல் ஊரில் மூன்றில் ஒரு பங்கு நிலம் சும்மா கிடக்கும் என்று அர்த்தம். நிலத்துக்கு வலு சேர்க்க எரு வேண்டும். எருவுக்கு மாடும் ஆடும் வேண்டும். அவற்றைக் குளிர்காலத்தில் காப்பாற்றத் தீவனம் வேண்டும். தீவனம் விளைவிக்க நிலம் வேண்டும். அந்த நிலமோ மனிதருக்கே போதவில்லை. விளைச்சலைக் கூட்டவிடாமல் பிடித்துவைத்திருந்த முடிச்சு இது.

முடிச்சை அவிழ்த்தவை இரண்டு எளிய பயிர்கள்: டர்னிப் கிழங்கும் குளோவர் என்ற தீவனச் செடியும். இரண்டும் பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பக்கம்), நெதர்லாந்துப் பக்கத்தில் முன்பே தேர்ந்த பயிர்கள். அங்கிருந்து அகதிகளாக வந்து நாரிச் நகரில் குடியேறியவர்கள் மூலமும், 1640களில் பிளாண்டர்ஸில் தங்கி அந்த விவசாயத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய ரிச்சர்ட் வெஸ்டன் போன்றவர்கள் மூலமும் இங்கிலாந்துக்கு வந்தன. நார்ஃபோக் மாவட்டத்தில் இவை நான்கு வருடச் சுற்றாக வடிவெடுத்தன: முதல் வருடம் கோதுமை, அடுத்து டர்னிப், அடுத்து பார்லி, அடுத்து குளோவர், மறுபடி கோதுமை. தரிசு என்பதே இல்லை.

குளோவர், நம் உளுந்து, பயறு, கொழுஞ்சி, தக்கைப்பூண்டு எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி. அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். சம்பா அறுத்த தரிசில் உளுந்து தெளிப்பதைப் பார்த்து வளர்ந்த டெல்டா பிள்ளைக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். நார்ஃபோக் உழவர்களுக்கு இந்த அறிவியல் தெரியாது. ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் இதை நிறுவியது 1880களில்தான். ஆனால் குளோவருக்குப் பிறகு கோதுமை நன்றாக வருகிறது என்பதை அவர்கள் இருநூறு ஆண்டுக்கு முன்பே கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

டர்னிப் செய்த வேலை இன்னொன்று. அது வளரும்போது இடையில் களைக்கொட்டு போட்டுக் கொத்தலாம். களையை ஒழிக்கவும்தான் முன்பு தரிசு போட்டு மறுபடி மறுபடி உழுதார்கள். இப்போது பயிர் நிற்கும்போதே களை போயிற்று. குளிர்காலம் வந்ததும் கிழங்கைப் பிடுங்காமல் ஆடுகளை வயலுக்குள்ளேயே விடுவார்கள். வயலில் ஒரு பகுதியை மரப்படல்களால் அடைத்து அதற்குள் ஆட்டு மந்தை. அங்கே கிழங்கு தீர்ந்ததும் படலைப் பிடுங்கி அடுத்த பகுதியில் நடுவார்கள். ஆடு தின்கிறது, அங்கேயே புழுக்கை போடுகிறது, லேசான மணல் மண்ணைக் குளம்பால் மிதித்து இறுக்குகிறது. நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுவதை அறிந்த எந்தப் பிள்ளையும் இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளும். வசந்தத்தில் அதே நிலத்தில் பார்லி விதைப்பார்கள், அதற்கு ஊடே குளோவரையும். பார்லி அறுவடை முடிந்த தாளுக்கிடையில் குளோவர் தலைதூக்கி நிற்கும்.

இங்கிலாந்தின் உழவு நிலத்தில் தரிசின் பங்கு 1700 வாக்கில் ஐந்தில் ஒன்று. 1871-இல் 100-க்கு 4. ஐரோப்பிய வரலாற்றின் இடைக்காலத்தில் ஏக்கருக்கு 10 புஷல் (பழைய தானிய அளவை) வாக்கில் இருந்த கோதுமை விளைச்சல், 1800 வாக்கில் 20 புஷலைத் தாண்டியது. எல்லா மண்ணுக்கும் இந்த முறை ஒத்துவரவில்லை. கனமான களிமண்ணில் டர்னிப் அழுகும், அதில் ஆடுகளைக் கிடை போடவும் முடியாது. நடு இங்கிலாந்தின் களிமண் நிலங்கள் பல மேய்ச்சல் காடாக மாறின. அங்கேதான் லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல், தேர்ந்தெடுத்த கிடாக்களை இனவிருத்திக்கு வாடகைக்கு விட்டு, சீக்கிரம் சதைபிடிக்கும் புதிய லெஸ்டர் ஆட்டினத்தை உருவாக்கினார்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லாமல் விடக் கூடாது: 1730-இல் காப்புரிமை பெற்ற ராதர்ஹாம் கலப்பை. நான்கு, ஆறு எருதுகள் பூட்டி, உழ ஒருவர், ஓட்ட ஒருவர் என்று இழுத்த வேலையை இரண்டு குதிரையும் ஒரே ஆளும் செய்ய முடிந்தது. தொழிற்புரட்சிக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு இந்த ஒரு கலப்பை பாதி பதில் சொல்லிவிடும்.

இங்கே ஒரு வேண்டுகோள். வேளாண் மாற்றத்தைத் தொடும் பாடங்கள்கூட அதை இரண்டு மூன்று கனவான்களின் கண்டுபிடிப்பாகச் சுருக்கிவிடுகின்றன. ‘டர்னிப் டவுன்ஷெண்ட்’ என்று புகழ்பெற்ற பிரபு 1730-இல் அரசியலை விட்டு நார்ஃபோக்கில் உள்ள தன் ராய்ன்ஹாம் பண்ணைக்குத் திரும்பினார். அதற்கு ஐம்பது அறுபது ஆண்டுக்கு முன்பிருந்தே அந்த வட்டாரத்துச் சாதாரண உழவர்கள் டர்னிப் போட்டு ஆடுமாடு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பரப்பினார், பிரபலப்படுத்தினார், அவ்வளவுதான். 1701 வாக்கில் விதைப்புக் கருவி செய்த ஜெத்ரோ டல் பெரிய மனிதர்தான். ஆனால் அக்கருவி பண்ணைகளில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். எருவே தேவையில்லை, மண்ணைப் பொடியாக்கினால் போதும் என்றுகூட அவர் நம்பினார். டல்லின் பெயரை எடுக்க வேண்டாம். அவர் பெயருக்குப் பக்கத்தில், பெயர் பதிவாகாத ஆயிரக்கணக்கான குத்தகைக்காரர்கள் தங்கள் வயலில் செய்து பார்த்துச் சேர்த்த அறிவு இது என்று எழுதுங்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடத்தில் அந்த வரி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வயலில் கூடிய விளைச்சல் ஆலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தானிய விலை குறைவாக இருந்தது. ரொட்டிக்குப் போக மிஞ்சிய காசில் மக்கள் துணி வாங்கினார்கள், பாத்திரம் வாங்கினார்கள். கலப்பைக் கொழு, லாடம், வண்டிச் சக்கரப் பட்டை என்று விவசாயமே இரும்புக்குப் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. இப்ஸ்விச்சில் ராபர்ட் ரான்சம் வார்ப்பிரும்புக் கொழு செய்யும் தொழிலை நடத்தியது இந்தத் தேவையை நம்பித்தான். மூலதனமும் நிலத்திலிருந்து வந்தது. 1761-இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை வெட்டியவர் ஒரு நிலப்பிரபு. வொர்ஸ்லியில் தன் நிலத்துக்கடியில் கிடந்த நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோகத்தான் வெட்டினார், அங்கே கரி விலை ஏறத்தாழ பாதியானது. நாரிச்சின் கர்னி குடும்பம் போன்ற ஊர்ப்புற வங்கிக்காரர்கள், அறுவடைக்குப் பின் விவசாய மாவட்டங்களில் சேர்ந்த பணத்தை லண்டன் வழியாகப் பணம் தேவைப்பட்ட தொழில் மாவட்டங்களுக்குத் திருப்பிவிட்டார்கள். நார்ஃபோக் பார்லி விற்ற காசு இப்படிப் பருத்தி ஆலைகள் நிறைந்த லங்காஷயர் வரை போனது.

இதுவரை சொன்னது வளர்ச்சிக் கதை. இதை மட்டும் எழுதிவிட்டுப் பாடத்தை முடித்தால், இப்போதைய பாடத்தைவிடப் பெரிய குறை அது. இந்த வளர்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும்.

‘வேலியடைப்பு’ என்ற சொல் பாடத்தில் வந்தால் அது வெறும் சொல்லாகவே கடந்துபோகிறது. நடைமுறையில் அது எப்படி நடந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊரின் பெரிய நிலக்காரர்கள் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். 1774-க்குப் பிறகு விதி வந்தது: ஊர்த் தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை அது கதவில் இருக்கும். ஒப்புதலை எண்ணியது தலைக்கணக்கில் இல்லை, நிலத்தின் மதிப்புக் கணக்கில். சட்டம் நிறைவேறியதும் ஆணையர்களும் நில அளவையாளரும் ஊருக்கு வருவார்கள். சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள். ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலமும் பங்கு பிரிக்கப்படும். ஆவணத்தில் உரிமை காட்ட முடிந்தவருக்குப் பங்கு. வழக்கத்தில் மட்டும் உரிமை இருந்தவருக்கு ஒன்றுமில்லை. பங்கு கிடைத்த சிறு விவசாயியும் குறிப்பிட்ட காலத்துக்குள் தன் செலவில் வேலி போட வேண்டும், சட்டச் செலவிலும் தன் பங்கைக் கட்ட வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல் நிலத்தை விற்றவர்கள் ஏராளம். 1604 முதல் 1914 வரை இப்படி 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்கு.

பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு பசுவைக் கட்டிப் பால் கறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்த கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்தப் பசு போயிற்று. விறகு, முட்புதர், கரம்பில் பொறுக்கிய பழம் எல்லாம் போயின. மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிப்பால் ஆடு மேய்க்க இடமில்லாமல் அலைகிறவர்களைப் பார்த்திருக்கும் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த இழப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கதிர் பொறுக்கும் வழக்கமும் தப்பவில்லை. சஃபோக்கில் டிம்வொர்த் என்ற ஊரில் மேரி ஹாட்டன் என்ற பெண், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினார் என்று வழக்கு. கதிர் பொறுக்குவது ஏழைகளின் சட்ட உரிமை ஆகாது என்று 1788-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஒரு வழக்கைப் பாடத்தில் கால் பக்கத்துக்கு எழுதினால், வழக்கத்தில் இருந்த உரிமை எப்படிக் காகிதத்தில் காணாமல் போகிறது என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

வேலியடைப்பைத் தொடக்கத்தில் ஓயாமல் ஆதரித்தவர் ஆர்தர் யங். வேளாண் வாரியத்தின் செயலாளராகவே இருந்தவர். ஊர் ஊராகப் பார்த்துவிட்டு 1801-இல் அவரே எழுதினார்: இருபது வேலியடைப்புச் சட்டங்களில் பத்தொன்பது ஏழைகளுக்குக் கேடு செய்திருக்கின்றன. அமைப்புக்கு உள்ளே இருந்தவரின் சாட்சி என்பதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இருந்தாலும், ‘நிலத்தைப் பிடுங்கினார்கள், மக்கள் நேராக ஆலைக்கு ஓடினார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். அதுவும் அரைகுறைதான். வேலி நடுவது, வாய்க்கால் வெட்டுவது, டர்னிப்புக்குக் களை கொத்துவது என்று புதிய விவசாயத்தில் பல இடங்களில் ஆள் தேவை கூடவே செய்தது. லங்காஷயர் ஆலைகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள். தெற்கு இங்கிலாந்தில் மக்கள்தொகை பெருகி, பொதுநிலமும் போய், வீட்டில் பெண்கள் நூல் நூற்றுச் சம்பாதித்ததையும் இயந்திரம் பறித்த பிறகு, கூலிக்காரர்கள் ஊரிலேயே வேலையில்லாமல் கிடந்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை, களத்தில் கோலால் கதிரடிப்பது. கதிரடிக்கும் இயந்திரம் அதையும் எடுத்துக்கொண்டது. 1830 ஆகஸ்டில் கென்ட் மாவட்டத்தில் முதல் இயந்திரத்தை உடைத்தார்கள். சில மாதங்களில் கலகம் தெற்கு முழுக்கப் பரவியது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். ‘கேப்டன் ஸ்விங்’ கலகம் என்று அழைக்கப்படும் இதற்கும் பாடத்தில் இடம் வேண்டும்.

விவசாயம் மட்டுமே தொழிற்புரட்சியைக் கொண்டுவந்தது என்று சொல்லவும் நான் வரவில்லை. டர்னிப்பையும் குளோவரையும் இங்கிலாந்துக்குக் கொடுத்த நெதர்லாந்துப் பகுதியில் விவசாயம் அவ்வளவு தேர்ந்திருந்தும், ஆலைத் தொழிலில் முதல் நாடாக ஹாலந்து வரவில்லை. இங்கிலாந்தில் மலிவான நிலக்கரி இருந்தது. கடலுக்கு அப்பால் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தி இருந்தது. அந்தப் பருத்திக்கு இங்கிலாந்தின் ஓர் ஏக்கர்கூடச் செலவாகவில்லை. அயர்லாந்திலிருந்து ஓட்ஸும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வந்தன, அதை விளைவித்த ஐரிஷ் குடும்பங்களோ உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தன. விவசாய மாற்றம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தது என்ன என்பதை மற்றவை தீர்மானித்தன.

இதையெல்லாம் இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. விவசாயத்தில் ஆட்கள் அதிகம், அவர்களை வெளியே கொண்டுவந்தால் தொழில் தானாக வளரும் என்ற பேச்சை இன்று அடிக்கடி கேட்கிறோம். அப்படிப் பேசுகிறவர்கள் இங்கிலாந்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். பாடத்தில் வரிசை சரியாக இருந்திருந்தால், அந்த உதாரணம் அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் முதலில் மண் வலுப்பட்டது, ஆடுமாடு பெருகியது, ஏக்கருக்கு விளைச்சல் கூடியது, ஓர் உழவரால் அதிகம் பேருக்குச் சோறு போட முடிந்தது. ஆட்கள் வெளியேறியது அதற்குப் பிறகுதான். இதற்கு இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அப்படியிருந்தும் வெளியேறியவர்களைத் தாங்குவதற்கு ஓர் ஏற்பாடு இல்லாத இடங்களில் பசியும் தூக்குமரமும் வந்தன.

ஆகவே அடுத்த திருத்தத்தின்போது தொழிற்புரட்சிப் பாடத்தின் முதல் மூன்று நான்கு பக்கங்களை விவசாயத்துக்குக் கொடுங்கள். நான்கு வருடப் பயிர்ச் சுழற்சியை ஒரு படமாகப் போடுங்கள், பக்கத்திலேயே நெல்லுக்குப் பின் உளுந்தையும் ஆட்டுக்கிடையையும் போடுங்கள். நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் பழைய திறந்தவெளி வயல் முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த வயல்களின் படத்தையும், வேலியடைத்த வேறோர் ஊரின் படத்தையும் எதிரெதிரே வைத்தால் இரண்டு பத்தி விளக்கம் மிச்சமாகும். மேரி ஹாட்டன் வழக்கைச் சேருங்கள். பயிற்சியில் ‘விதைப்புக் கருவியைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பதிலாக, ‘1700-இல் 100-க்கு 55 ஆக இருந்த விவசாயக் குடிமக்கள் 1801-இல் 36 ஆகக் குறைந்தும் நாட்டுக்குச் சோறு கிடைத்தது எப்படி?’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

பக்க எண்ணிக்கை கூடிவிடும் என்று நீங்கள் தயங்கலாம். நூற்பு இயந்திரங்கள் ஒவ்வொன்றின் நுட்ப விவரத்தையும் பாதியாகக் குறைத்தால் இடம் கிடைக்கும். அந்த விவரங்கள் தேர்வு முடிந்த வாரமே பிள்ளைகளுக்கு மறந்துபோவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வரைவு எழுதவோ, எழுதிய வரைவை வகுப்பில் நடத்திப் பார்த்து எங்கே பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று குறித்து அனுப்பவோ ஆசிரியர்கள் தேவைப்பட்டால் நான் வரத் தயாராக இருக்கிறேன். என்னைப் போல இன்னும் பலர் வருவார்கள்.

அன்புடன்,
அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர்